பழைய போன் மக்கர் செய்யும்போது: அறிகுறியை வைத்து என்ன செய்வது

நாலைந்து வருடம் ஓடிய, சில வீடுகளில் ஏழு வருடம் கூட ஓடிய ஆண்ட்ராய்டு போனை இன்னும் கையில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளிக் கட்டணமும் வாடகையும் மருந்துச் செலவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போது போனுக்கென்று பத்துப் பன்னிரண்டாயிரம் ஒதுக்க முடியாத வீடுகள்தான் அதிகம். ஆனால் அந்தப் பழைய போனுக்குத்தான் வங்கி ஓடிபி வருகிறது, ஆதார் அதில்தான் இணைந்திருக்கிறது, டாக்டர் எழுதிய சீட்டின் போட்டோ அதில்தான் இருக்கிறது, வெளியூரில் இருக்கும் பிள்ளை கூப்பிடுவதும் அதில்தான். அதனால் எந்தக் கோளாறு காத்திருக்கும், எதை இன்றே பார்க்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வது முக்கியம். மெதுவாக ஓடுவது காத்திருக்கும். பேட்டரி உப்புவது, டவர் திடீரென்று காணாமல் போவது, போன் தானாக மெசேஜ் அனுப்புவது, இந்த மூன்றும் காத்திருக்காது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் போனைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை. வீட்டாரின் எண்கள், வங்கியின் அவசர எண், ரத்தப் பிரிவு, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், இவற்றை ஒரு தாளில் பேனாவால் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அப்புறம் தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் சேமிப்பாகின்றனவா, சிம்மிலும் போனிலும் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைக்குப் போய் டெட் ஆகித் திரும்பும் போன்களில் பணத்தை விட இந்த எண்கள் போவதுதான் பலரையும் அழ வைக்கிறது.

பின்மூடி தூக்கி நிற்கிறது, டிஸ்ப்ளே ஓரத்தில் இடைவெளி தெரிகிறது

பேட்டரி உப்பிவிட்டது. உடனே சார்ஜரைக் கழற்றி, ஸ்விட்ச் ஆஃப் செய்து, மெத்தை, துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத தரையில் வையுங்கள். அமுக்கிப் பார்க்கக் கூடாது, ஊசியால் குத்திக் காற்றை விடக் கூடாது. உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு, குத்தினால் தீப்பிடிக்கும். "ஒரு நாள்தானே, அந்த மெசேஜ் மட்டும் பார்த்துவிட்டு" என்று மறுபடி சார்ஜ் போடுவது வேண்டவே வேண்டாம். கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியை மாற்றுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கடைக்காரரிடமோ மின்கழிவு வாங்குபவர்களிடமோ கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே வேலை செய்பவர்களின் கைதான் வேகும்.

30 சதவீதம் காட்டும்போதே அணைந்துபோகிறது

கேமராவைத் திறந்தவுடன், வீடியோ கால் வந்தவுடன், டார்ச் போட்டவுடன் அணைகிறதென்றால் காரணம் அநேகமாகப் பேட்டரியின் வயசு. லித்தியம் பேட்டரி சுமார் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும் என்பது பொதுக் கணக்கு. தினமும் ஒரு முழுச் சார்ஜ் என்றால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் அங்கே வந்துவிடுவோம். கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் கூடுகிறது. துருவேறிய குழாயில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், இரண்டாவதையும் திறந்தால் சொட்டும் அல்லவா, அதேபோலத்தான். கேமரா சட்டென்று மின்சாரம் கேட்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது.

பேட்டரி மாற்றினால் பெரும்பாலும் தீரும். புதுப் போனின் விலையில் இது சின்னப் பங்குதான். கண் முன்னாலேயே மாற்றித் தரும் கடையாகப் பாருங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் அப்படிச் செய்பவர்கள் உண்டு, சின்ன ஊர்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளிலும் உண்டு. பேட்டரியின் மேல் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருந்தால் படியுங்கள், கடையிலேயே மூன்று வருடம் கிடந்த பேட்டரி புதுப் பேட்டரி ஆகாது. பேட்டரி மாற்றுவதற்குத் திரைப் பூட்டின் பின் எண் தேவையில்லை, கேட்டால் கொடுக்க வேண்டாம். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு போனை மட்டும் கொடுங்கள். அதுவரை பேட்டரி சேவரை எப்போதும் ஆனில் வைத்து, 40 சதவீதத்துக்குக் கீழே விடாமல் ஓட்டலாம்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறுகிறது

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் சார்ஜரை, அப்புறம் ப்ளக் பாயிண்டை. பல நேரம் இங்கேயே முடிந்துவிடும். முடியவில்லையென்றால் போனை அணைத்து, சார்ஜிங் பின் ஓட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப் பையின் நூல் துகள் அடியில் அழுந்தி அடையாகக் கிடக்கும், மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தால் கேபிள் பழையபடி 'டக்' என்று உட்காரும். ஊக்கு, சேஃப்டி பின் எதையும் விட வேண்டாம். சுத்தம் செய்தும் ஆடுகிறது என்றால் பின் தேய்ந்துவிட்டது. பல மாடல்களில் சார்ஜிங் பின் ஒரு தனிச் சின்ன போர்டில் இருக்கும், அதை மட்டும் மாற்றலாம். முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் இன்னொரு கடையில் கேளுங்கள்.

மழையில் நனைந்த பிறகு ஏறவில்லையா? சார்ஜ் போடவே கூடாது. அரிசிப் பானைக்குள் வைப்பதில் பயனில்லை, அரிசித் தூள்தான் பின்னுக்குள் போகும். அணைத்து, சிம் ட்ரேயைக் கழற்றி, ஃபேன் காற்றில் நிமிர்த்தி வையுங்கள். வெள்ளத் தண்ணீரோ கடல் தண்ணீரோ என்றால் காய்ந்தாலும் உப்பும் சேறும் உள்ளே அரிக்கும், கடையில் திறந்து கழுவித்தான் ஆக வேண்டும்.

கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது

கத்திரி வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டி வரைபடம் பார்க்கிறவர்கள், டெலிவரி வேலை பார்க்கும் தம்பிகள், இது உங்களுக்குத்தான். வெயில், திரையின் முழு வெளிச்சம், ஜிபிஎஸ், கூடவே பவர் பேங்க் சார்ஜ், நாலும் ஒன்றாகச் சேரும்போது பேட்டரியின் ஆயுள் மளமளவென்று குறைகிறது. பெரும்பாலான போன்கள் 35 டிகிரி வரையிலான சூழலுக்காகத்தான் செய்யப்பட்டவை, சென்னையிலும் வேலூரிலும் மே மாதத்தில் அதைத் தாண்டுவது தினசரி விஷயம். ஓடும்போது சார்ஜ் போடாமல், நிழலில் நிறுத்திய பிறகு போடுங்கள். தடித்த பவுச்சைக் கழற்றுங்கள். சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுத் தூங்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

காலையில் முழுச் சார்ஜ், மதியத்துக்குள் காலி

செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பட்டியல் இருக்கும். திரை எவ்வளவு நேரம் எரிந்தது என்பதும் பல போன்களில் தெரியும். தேர்தல் முடிவு, போர்ச் செய்தி, விமான விபத்து, புயல் எச்சரிக்கை, அல்லது வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரம், அந்த நாட்களின் கணக்கைப் பாருங்கள். யூடியூப் நேரலையும் வாட்ஸ்அப்பும்தான் மேலே இருக்கும். கவலையில் இருப்பவர் அரைமணிக்கு ஒரு முறை திரையைத் திறப்பது இயல்பு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் நாளில், டாக்டர் கூப்பிடும்போது போன் உயிரோடு இருக்க வேண்டும். செய்தி ஆப்களின் அறிவிப்பை நிறுத்துங்கள், குழுக்களை மியூட் செய்யுங்கள், நேரலையைப் பார்ப்பதற்குப் பதில் காலையும் மாலையும் ஒரு செய்தி கேளுங்கள். டவர் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்க்கும், ஆஸ்பத்திரியின் அடித்தளம் அப்படிப்பட்ட இடம். அங்கே டேட்டாவை அணைத்துவிட்டால் கால் மட்டும் வரும், சார்ஜும் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும்.

ஹேங் ஆகிறது, "இடமில்லை" என்கிறது

உள் சேமிப்பு நிரம்ப நிரம்பப் பழைய போன் மெதுவாகும். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். குற்றவாளி பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போனால் பெரிய வீடியோக்கள் வரிசையாக வரும், பார்த்து அழிக்கலாம். அதே இடத்தில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடுங்கள், காலை வணக்கப் படங்கள் அத்தோடு தேங்காது. குடும்பப் படங்களை அழிக்கும் முன் ஒரு ஓடிஜி பென் டிரைவில், அதாவது போனிலேயே நேராகச் செருகும் பென் டிரைவில், நகலெடுங்கள். கூகுளில் ஏற்றலாம்தான், ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதை ஜிமெயிலும் போட்டோக்களும் 2024 முதல் வாட்ஸ்அப் காப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

'ராம் பூஸ்டர்', 'கிளீனர்' என்று விளம்பரத்தில் வரும் ஆப்களைப் போட வேண்டாம். அவையே பின்னணியில் ஓடி இடத்தையும் சார்ஜையும் தின்னும்.

ஓடிபி வரவில்லை

சேமிப்பு முழுதாக நிரம்பிய போனில் எஸ்எம்எஸ் உள்ளே வராது, அதனால் மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். அடுத்து மெசேஜ் ஆப்பின் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள். ஒரு முறை ஏர்பிளேன் மோட் போட்டு எடுங்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் போனில் ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்த எண் இரண்டாவது சிம்மாக இருந்து அதற்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பது நான் அடிக்கடி பார்க்கும் விஷயம். நீண்ட நாள் பயன்படாத எண்ணை நிறுவனம் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் வங்கியில் எண்ணை மாற்றுங்கள்.

டவர் திடீரென்று போய்விட்டது, பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தில் வருகிறது

ரீஸ்டார்ட் செய்து, சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டும் வரவில்லையா? சிம் தேய்ந்திருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். காத்திருக்காமல் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். டவர் இருந்தும் கால் மட்டும் வரவில்லையென்றால் போன் ஆப்பின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் எந்த எண்ணுக்காவது போகிறதா என்று பாருங்கள்.

வேறொரு எளிய காரணமும் இருக்கிறது. ஜியோவில் தொடக்கத்திலிருந்தே 4ஜி வழியாகத்தான் குரல் போகும். ஜியோ சிம் இருக்கும் போனில் 4ஜி காலிங், அதாவது வோல்ட்இ, அணைந்திருந்தால் சிக்னல் கோடு காட்டும், பேச்சு வராது.

தானாக மெசேஜ் போகிறது, தெரியாத ஆப் இருக்கிறது

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், மின்கட்டணம், அரசு உதவித்தொகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு, வரும். அதைத் தொட்டு நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் ஆப் உள்ளே உட்கார்ந்துவிடும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய போனில் இது இன்னும் ஆபத்து. உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. அப்புறம் சேஃப் மோடில் (போனோடு வந்த ஆப்கள் மட்டும் ஓடும் நிலை) போனைத் திறந்து, அக்சசிபிலிட்டி அனுமதியும் (திரையைப் படிக்க விடுவது) டிவைஸ் அட்மின் அனுமதியும் (போனை நிர்வகிக்க விடுவது) எந்த ஆப்பிடம் இருக்கிறது என்று பார்த்து, தெரியாத ஆப்பை நீக்குங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுசுபோல ஆக்குவது.

வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள், கேமராவை விட்டு நகராதீர்கள்" என்று சொல்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் திட்டுவார்களோ என்ற பயமில்லாமல் அவர்கள் உங்களைக் கூப்பிட முடிய வேண்டும்.

"இணைப்பு பாதுகாப்பானது அல்ல", "இந்த ஆப் உங்கள் சாதனத்தில் இயங்காது"

முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த பழைய போனில் தேதி 1970க்குப் போயிருக்கும், சரிசெய்தால் இணையம் திறக்கும். தேதி சரியாக இருந்தும் பல தளங்கள் திறக்கவில்லையென்றால் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். 7.1.1க்கு முந்தைய பதிப்புகளில், இன்று பெருவாரியான தளங்கள் நம்பியிருக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் மூலச் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று போன் சரிபார்க்க உதவுவது) கிடையாது. அதற்கென இருந்த இடைக்கால ஏற்பாடும் 2024ல் முடிந்தது. அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம். வாட்ஸ்அப்பும் 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 (கிட்காட்) பதிப்பைக் கைவிட்டது.

யுபிஐ ஆப் இயங்காவிட்டாலும், வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணிலிருந்து *99# அழைத்தால் இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம். பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாதம் வாழ்நாள் சான்றிதழ் கவலை வரும். முகம் காட்டும் ஆப் பழைய போனில் ஓடவில்லையென்றால் பதற வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வந்து எடுத்துத் தருகிறார், தபால் நிலையத்தில் சொன்னால் போதும்.

திரையின் ஒரு பட்டை தொட்டால் வேலை செய்யவில்லை

சார்ஜ் போடும்போது மட்டும் தானாகத் தொடுகிறது என்றால் மலிவுச் சார்ஜரின் கோளாறு. எப்போதும் ஒரே பட்டை செத்திருந்தால் திரையைச் சுழற்றி வேண்டிய பொத்தானை நல்ல பகுதிக்குக் கொண்டு வரலாம். முழுத் தொடுதிரையும் போய்ப் படம் மட்டும் தெரிகிறதென்றால் ஓடிஜி கேபிளில் கணினி மவுஸை மாட்டுங்கள், பெரும்பாலான போன்களில் அம்புக்குறி வரும். அதை வைத்துப் பூட்டைத் திறந்து எண்களையும் படங்களையும் எடுத்துவிடலாம். பேசும்போது திரை கறுத்தே கிடந்தால் டெம்பர் கிளாஸ் மேல் ஓர சென்சாரை மறைக்கிறது. காதில் சத்தம் குறைவென்றால் மேல் வலையை உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள்.

புயல் வருகிறது, போனோ பாதிச் சார்ஜ்கூடத் தாங்காது

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மூழ்கியபோதும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டித் தூத்துக்குடி, நெல்லை துண்டிக்கப்பட்டபோதும் முதலில் போனது கரண்ட், அடுத்துப் போனது டவர். எச்சரிக்கை வந்த அன்றே செய்ய வேண்டியவை: போன், பவர் பேங்க் முழுச் சார்ஜ், கூகுள் மேப்பில் உங்கள் பகுதியை ஆஃப்லைனில் இறக்குவது, ஆதார், ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டின் படத்தை இன்னொருவர் போனிலும் வைப்பது, செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை ஆனில் இருக்கிறதா பார்ப்பது. 2023ல் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறிய சோதனை நினைவிருக்கும், அது உங்கள் போனில் வரவே இல்லையென்றால் எச்சரிக்கைக்கு அந்தப் போனை நம்பாதீர்கள்.

டவர் பலவீனமாக இருக்கும்போது கால் போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. "நலம், மாடியில் இருக்கிறோம், நாலு பேர்" என்று ஒரே வரி. அனுப்பிவிட்டு ஏர்பிளேன் மோட், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள், எந்த நேரத்தில் எடுப்பீர்கள் என்பதை உறவினருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று கேட்டு அங்கே பதறுவார்கள். அவசர உதவி எண் 112க்கான அழைப்பை உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் வேறு நிறுவன டவர் எடுத்துக்கொள்ளும். மாநிலப் பேரிடர் எண் 1070, மாவட்டத்துக்கு 1077.

இயர்போன் ஓட்டை இருக்கும் பழைய போனுக்கு இங்கே ஒரு பெரிய பலம்: அவற்றில் பலவற்றில் எஃப்எம் ரேடியோ உண்டு. இயர்போன் வயரே ஆண்டெனா, இணையம் தேவையில்லை. சென்னையில் ஆகாசவாணி ரெயின்போ 101.4ல் கேட்கும். வதந்தி நிறைந்த வாட்ஸ்அப் குழுவை விட அதைத்தான் நம்புவேன்.

எப்போது விட்டுவிடலாம்

டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் மூன்றும் ஒன்றாகப் போனால், அல்லது போர்டு ஐசி (உள் போர்டின் சிப்) கோளாறு என்று இரண்டு கடை சொன்னால், அதில் பணம் போட வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடம் ஆனதென்றால் பேசவும் ரேடியோ கேட்கவும் வைத்துக்கொண்டு, வங்கி ஆப்களை மட்டும் வீட்டில் இருக்கும் புதிய போனுக்கு மாற்றுங்கள். தொலைந்தாலோ திருடு போனாலோ போலீஸில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணை, போட்டு முடக்கலாம். அந்த எண் *#06# அழுத்தினால் வரும், இப்போதே அந்தத் தாளில் எழுதி வையுங்கள். யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், பிறகு ரீசெட் செய்யுங்கள். வரிசை மாறினால் வாங்கியவருக்குப் போன் உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.